கூரை உடைந்து விழுதல், மண் சரிந்து புதைதல்: நீலகிரியில் வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர் பக்கம் கூரை வேலையும் வெல்டிங்கும் செய்து எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகிறது. தேயிலை ஃபேக்டரி, லைன் வீடு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு), பழைய பங்களா, பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரப் பண்ணை என்று ஏறாத கூரை இல்லை. இந்தக் கேள்விகள் எல்லாம் என்னிடம் நேரில் கேட்கப்பட்டவை. வேலைக்கு வரும் தம்பிகள் கேட்டது, வீட்டுக்காரர்கள் கேட்டது, ஆள் விழுந்த பிறகு ஆஸ்பத்திரி வாசலில் வைத்து வீட்டுப் பெண்கள் கேட்டது. எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

கூரை வேலையில் ஓரத்திலிருந்து வழுக்கி விழுவதுதானே பெரிய ஆபத்து?

ஓரம் கண்ணுக்குத் தெரியும். தெரிவதால் பயம் இருக்கும், பயம் இருந்தால் கால் தானாக நிதானிக்கும். கூரையின் நடுவில் நிற்கும்போது அந்தப் பயம் வராது. சுற்றிலும் ஷீட், கீழே எதுவும் தெரியாது, தரையில் நிற்பது போலவே இருக்கும். அங்கேதான் ஷீட் உடைகிறது. வழுக்குபவனுக்காவது கையால் எதையாவது பிடிக்க அரை நொடி கிடைக்கலாம். ஷீட் உடைந்தால் ஆள் நேராகக் கீழே போகிறான், பிடிக்க ஒன்றும் இருக்காது.

15 அடி உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு விநாடிகூட ஆகாது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் இருக்கும். கீழே சிமெண்ட் தரையோ மெஷினோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்த ஷீட் ஆளைத் தாங்கும், எது தாங்காது?

ஏறுவதற்கு முன் ‘எதுவுமே தாங்காது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதாவது நாம் சிமெண்ட் ஷீட் என்று சொல்வது, சுமார் 6 மில்லிமீட்டர் கனம்தான். மழையையும் காற்றையும் தாங்கத்தான் அதைச் செய்கிறார்கள். அது வளையாது. தகரம் என்றால் உடைவதற்கு முன் கொஞ்சம் அமுங்கி, காலுக்கு ஒரு சேதி சொல்லும். சிமெண்ட் ஷீட் எந்தச் சேதியும் சொல்லாது. படாரென்று உடையும், அவ்வளவுதான். புதிய ஷீட்டிலும் இப்படித்தான். நம் ஊர் லைன் வீடுகளில் நாற்பது ஐம்பது வருடமாகக் கிடக்கும் ஷீட்டுகளோ மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, பனியில் விறைத்து, மேலே பாசி பிடித்துக் கிடக்கின்றன. எத்தனையோ ஷீட்டில் மயிரிழை விரிசல் இருக்கும். பாசிக்கு அடியில் அது தெரியவே தெரியாது.

பைபர் ஷீட்தான் இருப்பதிலேயே மோசம். ஃபேக்டரிக்குள் வெளிச்சம் வரட்டும் என்று கூரையில் இடையிடையே போடும் கண்ணாடி மாதிரியான ஷீட்டைச் சொல்கிறேன். வெயில் பட்டுப் பட்டு அது மொறமொறவென்று ஆகிவிடும். போட்ட புதிதில் பளிச்சென்று தனியாகத் தெரியும். சில வருடத்தில் தூசியும் பாசியும் தேயிலைத் தூளும் படிந்து பக்கத்து ஷீட்டின் நிறத்துக்கே வந்துவிடும். கூரைக்கு மொத்தமாகப் பெயிண்ட் அடிக்கும்போது சில இடங்களில் அதற்கும் சேர்த்தே அடித்துவிடுகிறார்கள். அப்படி அடித்த கூரை மேல் வேலைக்குப் போகிறவனிடம் யாரும் அதைச் சொல்வதும் இல்லை. ஏறுவதற்கு முன் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். எந்த இடத்தில் வெளிச்சம் வருகிறது, எத்தனையாவது வரிசை என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு ஏறுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

தகரம் நல்ல நிலையில் இருந்தால் பர்லின் மேல், அதாவது ஷீட்டை அடியில் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல், கால் வைக்கும்போது தாங்கும். நம் ஊர் ஃபேக்டரிகளில் ஒரு சிக்கல் உண்டு. பச்சை இலை வாட்டும் மாடியில் எப்போதும் ஈரக்காற்றுதான். அதனால் தகரம் உள்பக்கமிருந்து துருப்பிடிக்கும். மேலே பச்சைப் பெயிண்ட் பளபளக்கும், அடியில் சல்லடையாக இருக்கும். போல்ட்டைச் சுற்றியுள்ள இடம் முதலில் போகும்.

மங்களூர் ஓடும் அப்படியே. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் உளுத்திருந்தால் ஓடு, ரீப்பர், ஆள் மூன்றும் சேர்ந்தே இறங்கும். அப்புறம், புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கும் கூரையில் இன்னும் போல்ட் முறுக்காத ஷீட். அதன் நுனியில் கால் வைத்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும். அனுபவசாலிகளே இதில் விழுந்திருக்கிறார்கள்.

போல்ட் வரிசை மேலேயே நடந்தால் ஒன்றும் ஆகாது என்று மேஸ்திரி சொல்கிறாரே?

நம் தொழிலில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கும் வித்தை இது. போல்ட் இருக்கும் இடத்துக்குக் கீழே பர்லின் இருக்கும், அதனால் அங்கே கால் வைத்தால் தாங்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். அந்தப் பர்லின் எவ்வளவு அகலம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு அங்குலம், மிஞ்சினால் மூன்று. அதன் மேல், சரிவில், கையில் ஸ்பேனர் பையோடு, பாசி வழுக்கும்போது, கால் மாறாமல் நடக்க வேண்டும். ஒருமுறை தடுமாறினால் அடுத்த அடி தானாகப் பக்கத்து ஷீட்டின் நடுவில்தான் விழும். காற்று ஒரு தள்ளுத் தள்ளினாலும் அதேதான். அந்த மேஸ்திரி கெட்டவர் இல்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் இதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

இருபது வருடமாக ஏறுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

அந்த இருபது வருடத்தில் ஷீட்டுக்கும் இருபது வயது கூடியிருக்கிறது அண்ணா. உங்கள் எடையும் கொஞ்சம் கூடியிருக்கும். போன வருடம் உங்களைத் தாங்கியது, குரங்கு குதித்தபோது தாங்கியது என்பதெல்லாம் இந்த வருடத்துக்குச் சாட்சி ஆகாது.

மேலே ஏறாமல் ஒழுகலை அடைக்க முடியாதா?

பெரும்பாலும் முடியும். இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். ஒழுகினால் உடனே ஒருவனைக் கூப்பிட்டு ‘ஏறிப் பாருப்பா’ என்கிறோம்.

ஓட்டுக் கூரையில் உடைந்த ஓட்டை உள்ளே சாரம் போட்டு அடியிலிருந்தே தள்ளி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். ஷீட்டில் சின்ன விரிசல் என்றால் தற்காலிகமாக உள்பக்கமிருந்து அடைக்கலாம். ஓரத்துத் தண்ணீர் வாய்க்காலில் சருகு அடைத்திருந்தால் ஏணியில் நின்றோ நீளக் கம்பில் பிரஷ் கட்டியோ எடுக்கலாம். சில்வர் ஓக் மரத்தடிக் கட்டடத்தில் மாதாமாதம் சருகு அடைக்கும். அங்கே மாதாமாதம் ஆளை ஏற்றுவதைவிட ஒருமுறை செலவு செய்து வாய்க்காலுக்கு வலை போட்டுவிடலாம். கிரிக்கெட் பந்து ஷீட் மேல் போனால் போகட்டும் என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காற்றுக்கு ஷீட் பறக்காமல் இருக்க மேலே கல்லும் டயரும் மணல் மூட்டையும் வைக்க ஏறுகிறார்கள். அதற்குப் பதில் கூடுதல் போல்ட்டும், ஷீட்டை அழுத்திப் பிடிக்கும் காற்றுப் பட்டையும் அடித்துவிட்டால் யாரும் ஏற வேண்டாம். பல இடங்களில் அந்தக் கல்லின் கனமே ஷீட்டை விரிசல் விட வைக்கிறது.

ஃபேக்டரி முதலாளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். பைபர் ஷீட்டுக்கு அடியில் கெட்டியான வெல்ட் மெஷ் வலையை அடித்துவிடுங்கள். பத்துப் பதினைந்து இடம் இருக்கும், இரண்டு நாள் வேலை. ஆள் விழுந்தாலும் வலை பிடித்துக்கொள்ளும். ஒரு மெஷினுக்குப் புது பெல்ட் மாற்றும் அக்கறையோடு இதைச் செய்தால் போதும்.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால்?

பலகை இல்லாமல் ஏறாதீர்கள். அகலமான பலகை, குறைந்தது மூன்று பர்லின் மேல் படிந்து உட்காரும் நீளம், சரிவில் நழுவாதபடி குறுக்குக் கட்டை அடித்து, மேல்முனையில் கொக்கி போட்டு முகட்டில் மாட்டியது. ஒரே பலகை போதாது. ஒன்றில் நின்றுகொண்டு இன்னொன்றை நகர்த்த வேண்டும். ஒரே பலகை என்றால் அதை நகர்த்தும்போது ஷீட் மேல்தான் நிற்பீர்கள்.

ஏணியை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சாய்த்து வையுங்கள். 12 அடி உயரத்துக்கு அடிப்பகுதி 3 அடி தள்ளி இருக்க வேண்டும். மேலே மூன்றடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், தலைப்பைக் கட்டியிருக்க வேண்டும். நம் ஊரில் சமதரை கிடைப்பதே அபூர்வம். சரிவில் ஏணியின் ஒரு காலுக்குக் கல் வைக்காதீர்கள், மண்ணை வெட்டிச் சமப்படுத்துங்கள்.

கீழே அந்த இடத்தில் யாரும் வேலை செய்யக்கூடாது. விழுபவன் ஒருவன் என்றாலும் அடிபடுவது இருவராக இருக்கலாம். தனியாக ஒருபோதும் ஏறாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி மூடியிருக்கும்போது கூரை வேலை வைத்துக்கொள்வது வழக்கம். அன்றைக்குத்தான் கூப்பிட்டால் கேட்க ஆள் இருக்காது.

பெல்ட் போட்டுக்கொண்டால் போதும்தானே?

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். விழும்போது அது இடுப்பையும் முதுகெலும்பையும் மடக்கிவிடும். தோள், தொடை எல்லாம் சுற்றி வரும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும்.

அது இருந்தாலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, கயிறை எதில் கட்டுகிறீர்கள்? துருப்பிடித்த பர்லினிலும் வாய்க்கால் தகரத்திலும் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விழும்போது வரும் வெட்டு இழுப்பு உடல் எடையைவிடப் பல மடங்கு. ஒரு ஜீப்பைக் கட்டித் தொங்கவிட்டாலும் அசையாத இடமாக இருக்க வேண்டும். கட்டடத்தின் இரும்புத் தூண், கான்கிரீட் பீம் மாதிரி. இரண்டாவது, உயரம். ஆறடிக் கயிறு நீண்டு, அதிர்ச்சி தாங்கும் பகுதி விரிந்து, உங்கள் உடல் நீளமும் சேர்ந்தால் ஆள் நிற்பதற்குச் சுமார் 18 முதல் 20 அடி வேண்டும். லைன் வீட்டுக் கூரை 10 அடி. அங்கே அந்தக் கயிறு இறுகுவதற்குள் தரை வந்துவிடும். தாழ்ந்த கூரையில் குட்டைக் கயிறு, அல்லது உள்ளே சாரம், அல்லது வலை. இதைக் கடையில் பெல்ட் விற்பவர் சொல்வதில்லை.

இன்னொன்று. பெல்ட்டில் தொங்குபவனைச் சீக்கிரம் இறக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மயக்கம் வரும். எப்படி இறக்குவது என்று ஏறும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் ஏறலாம்?

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மறந்துவிடுங்கள். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் மழைதான் பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கூரை ஆள் வேண்டும், கூலியும் இரட்டிப்பாகும். ஈரக் கூரையில் அவசர வேலை. விபத்துக்கு அதைவிட நல்ல வழி வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி. வெள்ளையாகத் தெரியும்போது யாரும் ஏறுவதில்லை. வெயில் பட்டு உருகி ஈரமாக இருக்கும்போது ‘பனி போயிடுச்சு’ என்று ஏறுகிறார்கள். கூரை நன்றாகக் காயட்டும், பத்து மணிக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் வேலையை நிறுத்திவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சிலேயே கூரையைப் பார்த்து முடித்துக்கொள்வது நல்லது.

கூரையைத் தவிர வேறு எங்கெல்லாம் காலுக்கு அடியில் உடைகிறது?

செப்டிக் டேங்க் மூடி. அதன் அடிப்பக்கத்தை உள்ளே இருக்கும் விஷக்காற்றும் ஈரமும் அரித்துவிடும், மேலே புல் முளைத்திருக்கும். விழுந்தால் அடியைவிட விஷக்காற்றுதான் கொல்லும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்தே போவார். யாரும் உள்ளே இறங்கவே கூடாது.

பழைய பங்களாக்களின் மரத்தளம், மச்சு. கரையான் உள்ளே தின்றிருக்கும், மேலே பாலிஷ் மின்னும். சீலிங்குக்கு மேலே ஒயர் இழுக்கப் போகும் எலக்ட்ரீஷியன் தம்பிகள் சட்டத்தை விட்டுச் சீலிங் பலகையில் கால் வைத்தால் நேராக ஹாலுக்குள்தான் வருவார்கள். ஃபேக்டரியில் இலை வாட்டும் தொட்டியின் கம்பி வலை மேல் ஏறி நடப்பது இன்னொன்று. அது இலைக்குப் போட்ட வலை.

டிஷ் மாட்டுபவர்கள், சோலார் ஹீட்டர் மாட்டுபவர்கள், கேமரா மாட்டுபவர்கள் இவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் கவலை. கூரை அவர்கள் தொழில் இல்லை. இருபது வயதுப் பையன், ஒரு நாளைக்கு ஐந்து வீடு, எந்தக் கூரை எப்படிப்பட்டது என்று தெரியாது. வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்: ‘தம்பி, அது சிமெண்ட் ஷீட், ஏறாதே, சுவரில் மாட்டு.’

தடுப்புச் சுவருக்கு மண் வெட்டும்போது ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள்?

நம் மலையில் வீடு என்றாலே முதலில் சரிவை வெட்ட வேண்டும், பிறகு தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். வெட்டியதற்கும் கட்டுவதற்கும் நடுவில் உள்ள நாட்களில் அந்த மண்ணை எதுவுமே தாங்கிக்கொண்டிருக்காது. அந்த நாட்களில்தான் அடியில் ஆட்கள் குனிந்து வேலை செய்கிறார்கள்.

2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டியை அடுத்த லவ்டேலில் இப்படித்தான் நடந்தது. கட்டுமான வேலைக்கு மண் தோண்டியபோது மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து விழுந்தது. ஆறு பெண்கள் இறந்தார்கள். எல்லோரும் கூலி வேலைக்கு வந்தவர்கள். மழைக்காலமும் இல்லை அது. மழை இல்லை என்பதால் மண் நிற்கும் என்று நம்பக்கூடாது.

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன் கனம். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். இடுப்புக்கு மேல் புதைந்தால் நெஞ்சு விரியாது, மூச்சு இழுக்க முடியாது. தலை வெளியே தெரிந்தாலும்கூட.

ஐந்தடிக்கு மேல் வெட்டினால் முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது படிப்படியாகச் சாய்த்து வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதீர்கள், அதன் கனமே சுவரைத் தள்ளும். மேலே கட்டடம், தண்ணீர்த் தொட்டி, சாக்கடை, பெரிய மரம் ஏதாவது இருந்தால் பொறியாளர் பார்க்காமல் ஒரு கூடை மண்கூட எடுக்கக்கூடாது. நீளமாக முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல் துண்டு துண்டாக வெட்டி, கட்டி, பிறகு அடுத்ததை வெட்டுங்கள். விளிம்பில் புதிதாக விரிசல் தெரிந்தால், மண் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தால், வெட்டிய முகத்தில் தண்ணீர் கசிந்தால் கடப்பாரையைப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். கருவியை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

ஆள் விழுந்துவிட்டார். முதலில் என்ன செய்வது?

108-க்கு அடியுங்கள். எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எந்த வளைவு என்று வழியைத் தெளிவாகச் சொல்லி, ஒருவரை ரோட்டில் நிறுத்துங்கள். நம் ஊரில் இடம் தேடியே நேரம் போகிறது.

கை ஒருவர், கால் ஒருவர் என்று தூக்கி ஜீப்பில் போடாதீர்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலில்தான் நரம்பு அறுபடும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே கம்பளி போர்த்துங்கள். நம் குளிரில் உடம்பு சில்லிட்டால் இரத்தம் உறைவது குறைந்து போக்கு நிற்காது. ஆம்புலன்ஸ் வரவே முடியாத இடம் என்றால் கதவையோ அகலப் பலகையையோ கொண்டுவந்து, நாலைந்து பேர் சேர்ந்து, உடம்பு வளையாமல் ஒரே நேரத்தில் தூக்கி வையுங்கள்.

எழுந்து உட்கார்ந்து ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னாலும் விடாதீர்கள். மண்ணீரல் கிழிந்தவரும் தலைக்குள் கசிபவரும் முதலில் நன்றாகத்தான் பேசுவார்கள். டீ கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

மண்ணில் புதைந்தவர் என்றால் மேலும் சரியாத பக்கத்திலிருந்து கையால் தோண்டுங்கள், முகத்தையும் நெஞ்சையும் முதலில். எல்லோரும் ஒரே குழிக்குள் குதித்தால் அடுத்த சரிவில் அத்தனை பேரும் மாட்டுவார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வேண்டும்?

நடந்ததை. வேலை செய்த இடம், செய்த வேலை, யார் வேலைக்குக் கூப்பிட்டது, எத்தனை மணி.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயதில் சித்தப்பாவோடு ஒரு தேயிலை ஃபேக்டரிக் கூரைக்குப் போனேன். நான் கீழே நின்று கயிற்றில் தார் வாளியை ஏற்றிக்கொண்டிருந்தேன். தகரம் கிழிகிற மாதிரியான சத்தம்கூட இல்லை, அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒன்று. திரும்பிப் பார்த்தபோது இருட்டாக இருந்த அந்த மூலையில் திடீரென்று சதுரமாக வெயில் அடித்தது. வெயில் விழுந்த இடத்தில் சித்தப்பா கிடந்தார். தூசி மட்டும் அந்த வெளிச்சத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ஒரு செருப்பு கூரையிலேயே இருந்தது. மறுநாள்தான் அதை எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போது கூட வந்த சூப்பர்வைசர் ‘வீட்டுல ஏணியில இருந்து விழுந்துட்டார்’ என்றார். டாக்டர் என்னைப் பார்த்து ‘அப்படியா தம்பி?’ என்று கேட்டார். நான் தலையாட்டினேன். செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். அந்த ஒரு வரி ரெக்கார்டில் ஏறிவிட்டது. முதல் மாதச் செலவோடு அவர்கள் வருவதும் நின்றுவிட்டது. சித்தப்பா இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பதினோரு வருடம் படுக்கையில் இருந்தார். சித்தி கொழுந்து பறித்துத்தான் அவரைப் பார்த்துக்கொண்டார். கேஸ் போடலாம் என்று போனபோதெல்லாம் அந்த வரியைத்தான் காட்டினார்கள்.

விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதன் நகலை வாங்குங்கள். போலீசில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். உடைந்த ஷீட்டை அவர்கள் அன்றைக்கே மாற்றிவிடுவார்கள், அதற்கு முன் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயரையும் நம்பரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழப்பமும் தீர வேண்டும். தமிழ்நாடு அரசின் 48 மணி நேர இலவசச் சிகிச்சைத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். கூரையிலிருந்து விழுந்தவருக்கு அது வராது. அதை நம்பி ‘பைக்கில் விழுந்தார்’ என்று சொல்லிவிடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை எப்படியும் உண்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

இழப்பீடு எவ்வளவு கிடைக்கும்?

சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் இஎஸ்ஐ மூலம்தான். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம், இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம்.

இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனால் கணக்குப் போடும் அடிப்படை அதுவேதான். இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை, சட்டத்தின் அட்டவணையில் அவர் வயதுக்கு நேராக உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். முழுதாக வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 ரூபாய் வரைதான், 2020 ஜனவரி முதல் இது நடைமுறை. 40 வயதுக்காரருக்கு அந்த எண் 184.17. அவர் இறந்தால் 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். 30 வயதுத் தம்பி நிரந்தரமாகப் படுத்துவிட்டால் 9,000 பெருக்கல் 207.98, அதாவது 18,71,820 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும்.

இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசப் போங்கள். ஐம்பதாயிரம் கொடுத்து முடிக்கப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

மனு கொடுக்க இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்தால் அங்கும் உதவித்தொகை உண்டு. பதிவைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

காண்ட்ராக்டர்தான் கூட்டி வந்தார், ஃபேக்டரிக்குப் பொறுப்பு இல்லை என்கிறார்களே?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காண்ட்ராக்டர் கொண்டுவந்த ஆளானாலும், வேலை ஃபேக்டரியின் இடத்தில் ஃபேக்டரி தொழிலுக்காக நடந்தால் முதன்மை முதலாளியான ஃபேக்டரிக்காரரிடமே இழப்பீடு கேட்கலாம். அவர் கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ‘பெல்ட் கொடுத்தோம், அவன் போடவில்லை’ என்ற சாக்கும் இறந்தவர் விஷயத்தில் செல்லாது.

வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். 1923 சட்டத்தின் பட்டியலிலேயே, தரையிலிருந்து முகடு வரை 12 அடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தைப் பழுது பார்ப்பவர் தொழிலாளி என்று இருந்தது. சாதாரண ஓட்டு வீடே அவ்வளவு உயரம் இருக்கும். ‘ஒரு நாள் கூலிக்கு வந்தவன்’ என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அதோடு, கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவில் வழக்கும் வரும்.

பணம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். இறந்தவருக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறை ஆணையரிடம் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்ததை இழப்பீடு கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. ஈமச்சடங்குக்கு உதவியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் வேண்டாம். படிக்கத் தெரியாத சித்திகளிடமும் பாட்டிகளிடமும் பதினாறாம் நாளுக்குள் வந்து வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று கூட இருக்கட்டும்.

வடமாநிலத்திலிருந்து வந்தவர் விழுந்தால்?

அதே சட்டம், அதே தொகை. குடும்பம் ஜார்க்கண்டிலோ அசாமிலோ இருந்தால் அங்கிருந்தே, அவர்கள் வசிக்கும் பகுதி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். எஸ்டேட்களில் இப்போது அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கூரைக்கும் அவர்களை ஏற்றுகிறார்கள். ‘இது உடையும்’ என்பதை அவர்கள் மொழியில் யாராவது சொன்னார்களா என்று பாருங்கள். ஒரு உடைந்த துண்டைக் கையில் கொடுத்து மடக்கிக் காட்டினால் மொழியே வேண்டாம்.

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளை என்ன செய்வது?

தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு எடுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பெருக்காதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடாதீர்கள், பாதையில் நிரவாதீர்கள்.

பலகை கேட்டால், பெல்ட் கேட்டால் ‘வேற ஆள் பாத்துக்கிறோம்’ என்கிறார்கள். என்ன செய்வது?

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. எனக்கும் வேலை போயிருக்கிறது. இரண்டு ஃபேக்டரிகள் என்னைக் கூப்பிடுவதில்லை.

இப்போது நான் ரேட் பேசும்போதே பலகை, சாரம், வண்டி வாடகை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தனியாகக் கேட்டால் வெட்டிவிடுகிறார்கள். என்னோடு வரும் நாலு பேரும் ஒரே பேச்சு, பலகை விரிக்காமல் யாரும் ஏறமாட்டோம். கோத்தகிரிப் பக்கம் கூரை வேலை செய்யும் இன்னும் இரண்டு செட்டிடம் பேசி, அவர்களும் அதே மாதிரி சொல்கிறார்கள். எல்லோரும் சொன்னால் ‘வேற ஆள்’ குறைந்துவிடும். ஃபேக்டரியில் ஆபத்தான கூரை என்று தெரிந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதிப் போடலாம். உயரத்தில் வேலை செய்பவருக்கு விழாதபடி ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவிலேயே இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமும் புதிய சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது.

என்னிடம் பத்தடிப் பலகை ஆறு இருக்கிறது, கொக்கியோடு. குன்னூர், கோத்தகிரி பக்கம் சின்ன வேலைக்கு யாருக்காவது தேவைப்பட்டால் எடுத்துக்கொண்டு போய் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். வாடகை வேண்டாம்.